முந்நூற்றிரண்டாவது ஆள்

எண்பத்தேழில், ஆறு மாதம் வில்லியனூருக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதக் கற்றுக்கொண்டவள் கஸ்தூரி. தாய் தகப்பன் இல்லாத அவளைப் படிக்க வைத்தது அக்கா புருஷன் இருசப்பன்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பத்து, இருபது என்று எண் போட வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் போதும், மிஷின் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். விவரம் போட்டுவைக்கப் பெட்டிகள் உண்டு. எண்ணுக்கு வெறும் பெட்டி. எழுத்துக்கு என்றால் பெட்டியின் பெயரோடு ஒரு டாலர் குறி. இந்தப் படிப்புக்கே ஏம்பலம் கரும்பு ஆபீசில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள்.

அங்கே ஆலைக்குக் கரும்பு தரப் பதிந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். நட்ட தேதிப்படி நம்பர், நம்பர்படி வெட்ட உத்தரவு. ஆனால் அதுவரை குமாஸ்தாவைக் கவனித்தவனுக்குத்தான் முதல் வெட்டு. இனி மிஷின் போடும் வரிசைதான், அது முகம் பார்க்காது என்றதும் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

நாற்பத்தேழாம் நம்பரில் ஒரு சிக்கல். அண்ணன் தம்பி பாகம் பிரித்து 47ஏ, 47பி ஆகியிருந்தார்கள். அந்த ‘ஏ’யை எண் பெட்டி வாங்கவில்லை. போய்த் தொலை என்று எல்லா நம்பரையும் டாலர் பெட்டியிலேயே போட்டாள். நாலைந்து பெயரை வைத்துச் சோதித்தாள், சரியாக வந்தது. வாரம் இருபது பேர், பெயரும் ஊரும் மட்டும் அச்சாகிச் சுவரில் ஏறின. முணுமுணுத்த ஓரிருவரை, “மிஷினு கரும்பு முத்துன கணக்கெல்லாம் பாத்துதாம்பா போடும்” என்று மற்றவர்களே அடக்கிவிட்டார்கள்.

இருசப்பன் நம்பர் ஒன்பது. பதினாலு வருஷக் குத்தகை நிலம். தை முடிவதற்குள் வெட்டிக் காட்டினால்தான் அடுத்த குத்தகை என்று நிலக்காரர் கனகராஜ் கறாராகச் சொல்லியிருந்தார். கஸ்தூரிக்கும் அது தெரியும். ஆனாலும் பட்டியலில் மாமா பெயரை அவள் தேடவில்லை. கொழுந்தியா தயவு என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே! பண்டசோழநல்லூருக்கு, அக்கா வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திக்கொண்டாள். பொங்கலுக்கும் போகவில்லை. ஒன்பதாவது ஆள், முதல் வாரமே வெட்டியிருப்பார் என்று நிம்மதியாக இருந்தாள் பாவி.

மாசியில் பச்சையப்பன், வெட்டின கட்டையில் துளிர்த்த மறுதாம்புக் கரும்பைப் பதிய வந்தான்.

“நல்லா இரும்மா. நூறாம் நம்பரு நான், எனக்கு மொத வாரமே வெட்டு வந்துச்சே!”

கஸ்தூரி பதிவேட்டை இழுத்து வைத்துப் பார்த்தாள். டாலர் பெட்டியில் எண்ணும் எழுத்துதான். அகராதி மாதிரி முதல் எழுத்தை வைத்தே அது வரிசை போடும். நூறின் முதல் எழுத்து ஒன்று, அதனால் முன்னே. ஒன்பது? எண்பத்தொன்பதுக்கும் பின்னே. எண்ணிப் பார்த்தாள். மாமா முந்நூற்றிரண்டாவது ஆள்.

ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனாள். வழியிலேயே தெரிந்தது. மாமா நிலத்தில் கரும்பு பூத்து, தோகை காய்ந்து, சக்கையாக நின்றது. வரப்பில் வேறு யாரோ அளவுகோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“போன வாரமே நெலக்காரரு நெலத்த வேற ஆளுக்குப் பேசிட்டாரு,” என்றார் இருசப்பன்.

“ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கக் கூடாதா மாமா?” கஸ்தூரி அழுதேவிட்டாள். “தப்பு என்னுதுதான் மாமா. நான் போட்ட வரிசதான் தப்பு.”

“நான் வந்து கேட்டா ஊரு இன்னா சொல்லும்? உன் வேலைக்கு இல்ல கெட்ட பேரு? உங்கக்கா மூணு வாட்டி கெளம்புனா. நான்தான் புடிச்சி நிறுத்தினேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா வள்ளிநாயகி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

“அவர வுடு. நீ ஒரே ஒரு நாளு எங்கள எட்டிப் பாத்திருந்தா, கரும்பு நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதாடி?”