உறங்குகிறவரை எழுப்பக் கூடாது

திற்பரப்பிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்குள் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளி வரும். இருபத்தொரு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், சோறு பொங்க ஒரு நேசம்மாள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு அங்கே போகிறவர் யாராக இருந்தாலும் செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். பேசக் கூடாது. இருமல் வந்தால் அடக்க வேண்டும், அடங்காவிட்டால் கிணற்றடிக்குப் போய் இருமித் தீர்த்துவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் உறங்கும்.

பள்ளிக்கூடம் எங்கேயாவது உறங்குமா என்றால், இது உறங்கும். தலைமையாசிரியை சத்தியபாய் செய்த ஏற்பாடு அது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் இங்கே வந்த முதல் வாரம், இரண்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி சாம்பார் சாதத் தட்டிலேயே முகத்தை வைத்து உறங்கிவிட்டாள். சத்தியபாய் பதறிப்போய்த் தூக்கினாள். காய்ச்சலா, மயக்கமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நேசம்மாள்தான் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்ல டீச்சர், ஒறக்கமாக்கும். இவளுக்க அம்மையும் அப்பனும் ராத்திரி மூணு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போவினும். இது தனியாக் கிடக்கப் பயந்து கூடவே போவும். இஞ்ச பாதிப் பிள்ளையளும் அப்படித்தான்."

சத்தியபாய் அன்றைக்கே ஸ்டோர் ரூமைத் திறந்து பழைய பாய்களை வெயிலில் போட்டாள். மறுநாளிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் ஒன்றேகாலுக்குப் பெரிய வகுப்பறையில் பாய் விரிப்பார்கள். இரண்டு மணி வரை உறக்கம். மணி அடிப்பதில்லை. தானாகக் கண் விழித்தவர்கள் மெல்ல எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். விழிக்காதவர்களை யாரும் தொடக் கூடாது. மூன்று மணி வரை உறங்கினாலும் உறங்கட்டும். உறங்குகிறவரை எழுப்பக் கூடாது, அதுதான் சட்டம். சத்தியபாய்க்குக் கோபம் வந்து பிரம்பைத் தேடியது அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு பையன் உறங்குகிறவன் காதில் புல்லை விட்டபோது.

சும்மா சொல்லக் கூடாது, ஊரும் அதற்குப் பழகிவிட்டது. மீன்காரர் அல்போன்ஸ் சர்ச் வளைவிலேயே ஹாரனை நிறுத்திவிடுவார். தோட்டத்து ஜீப் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போவான். அந்த முக்கால் மணி நேரம் கீழே திற்பரப்பு அருவியின் சத்தமும் பிள்ளைகளின் மூச்சும் மட்டும்தான் கேட்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால் எது அருவி எது மூச்சு என்று தெரியாது. சத்தியபாய் வாசலில் நாற்காலி போட்டு அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே ரப்பர் இலைகளுக்கடியில் வெளிச்சம் பச்சையாக நிற்கும். அவளும் பாதி கனவில் இருப்பாள்.

அதற்குத்தான் வேட்டு வைக்க வந்தான் முருகதாஸ்.

நாலாம் வகுப்பு அஸ்வதிக்கும் ஒன்றாம் வகுப்பு ஸ்ரீஜித்துக்கும் அப்பா. பதினோரு வருஷமாகக் கல்ஃபில் வேலை. லீவில் வந்து இரண்டு வாரம் முடிந்திருந்தது. கண்கள் சிவந்து, முகம் சிடுசிடுத்து, திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றான்.

"டீச்சர், நான் அங்க கிடந்து எரியுதது எதுக்காக்கும்? என் பிள்ளையள் இஞ்ச வந்து ஒறங்கவா? குலசேகரத்துல இங்கிலீஷ் ஸ்கூல்ல பேசியாச்சு. வேன் வரும். வியாழக்கிழமை ரெண்டு டிசியும் வேணும்."

"நீங்க ஒரு நாள் மத்தியானம் வந்து பாருங்க முருகதாஸ். பிள்ளைகள் அதுக்கப்புறம்தான் நல்லாப் படிக்கிறாங்க."

"ஒறக்கத்த என்ன பாக்க? வீட்டுல பாயி இல்லியா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. சத்தியபாய் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணினாள். இருபத்தொன்றில் இரண்டு போனால் பத்தொன்பது. இருபதுக்குக் கீழே போனால் கூட இருக்கிற ஷைஜா டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஏற்கெனவே பேச்சு. அப்புறம் ஐந்து வகுப்புக்கும் அவள் ஒருத்தி. அடுத்த வருஷம் யார் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? ஒரு பாய் உறக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே தொலைக்க முடியுமா?

இரண்டு ராத்திரி யோசித்து முடிவெடுத்தாள். வியாழக்கிழமை அவன் வரும்போது சொல்லிவிட வேண்டும்: 'உறக்கத்தை நிறுத்திவிடுகிறேன், பிள்ளைகளை மட்டும் விட்டுவையுங்கள்.' இருந்தாலும் டிசி இரண்டையும் எழுதி மேசையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையெல்லாம் அவன் வரவில்லை. வந்ததோ சரியாக ஒன்று இருபதுக்கு! சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அப்போதுதான் சாய்ந்திருந்தார்கள். அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வாயைத் திறந்ததும் நேசம்மாள் பாத்திரம் கழுவுகிற கையோடு ஓடி வந்து, உதட்டில் விரல் வைத்து, அவன் செருப்பைக் காட்டினாள். அவனுக்கு எரிச்சல்தான். ஆனால் உள்ளே இருபத்தொரு பிள்ளைகள் உறங்குகிற இடத்தில் எவனால் சத்தம் போட முடியும்? செருப்பைக் கழற்றினான். சத்தியபாய் வராந்தாவைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு மணிக்குப் பேசலாம்.

அவன் வராந்தாத் தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முற்றத்து அயனி மரத்தைப் பார்த்தான். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. சத்தியபாய் சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, முருகதாஸின் தாடை நெஞ்சில் விழுந்து கிடந்தது.

ஒன்றரைக்கு அவன் பக்கவாட்டில் சரிந்து தரையில் நீண்டுவிட்டான்.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். நேசம்மாள் சத்தியபாயின் காதருகே வந்தாள்.

"டீச்சர், நம்ம சட்டம் பெரிய ஆளுவளுக்கும் உண்டா?"

சத்தியபாய் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அஸ்வதி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் தலையை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, அடியில் வைத்தாள். பிறகு மற்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தாள். சட்டம் யாருக்கெல்லாம் உண்டு என்பது அத்தோடு தீர்ந்தது.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டுமே! ஷைஜா டீச்சர் ஏழாம் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் கோலால் தொட, பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்கள். ஏழேழு நாற்பத்தொன்பது சத்தமே இல்லாமல் கடந்து போனது. சாக்பீஸ் கிறீச்சிட்டால் எல்லோரும் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீஜித் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நாலு தடவை அப்பாவைச் சுற்றிப் போய் வந்தான். சாரல் வெளுப்பாக முற்றத்தை மூடியிருந்தது. சத்தியபாய்க்கு எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பது மாதிரி இருந்தது.

சிக்கல் வந்தது நாலு பத்துக்கு. பள்ளி விடுகிற மணி. மணி என்றால், வராந்தா உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அது தொங்கியது முருகதாஸின் தலைக்கு நேர் மேலே. நேசம்மாள் சுத்தியலோடு வந்து, அண்ணாந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள், சுத்தியலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

சத்தியபாய் கையால் 'போங்கள்' என்று காட்டினாள். ஒரு பிள்ளை அசைய வேண்டுமே! மணி அடிக்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது, அதுவும் அவள் போட்ட சட்டம்தான். இறக்கத்தில் ஜீப் வருமே என்று பயந்து போட்டது.

"மணி அடிக்கல்லியே டீச்சர்," என்று ஒன்றாம் வகுப்புக்காரி ரகசியமாகச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தானே போட்ட இரண்டு சட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு சத்தியபாய் தவித்தாள்.

நாலரைக்குப் பிள்ளைகளைக் காணோமென்று தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். கேட்டில் செருப்புகளைப் பார்த்ததும் அவர்களும் கழற்றினார்கள். "என்னவாக்கும்?" என்று கண்ணால் கேட்டார்கள், நேசம்மாள் கையைக் காட்டினாள், அவர்களும் ஒதுங்கி நின்றார்கள். தகப்பன்மார் வந்தார்கள். அல்போன்ஸ் காலி மீன்பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து அவரும் நின்றார். யாருடைய போனோ கிணுகிணுத்தது, பத்துக் கைகள் ஒரே நேரத்தில் மடியைத் தடவின. முற்றம் நிறைய ஆட்கள், சாரலில் நனைந்துகொண்டு, வெறுங்காலோடு.

கடைசியாக முருகதாஸின் மனைவி சுபிதா ஓடி வந்தாள். சத்தியபாய் திக்கென்று எழுந்தாள். ஊர் கூடி நின்று புருஷனைப் பார்க்கிற கோலத்துக்கு இவள் என்ன பாடு படுத்தப் போகிறாளோ! சுபிதா வராந்தாவைப் பார்த்தாள். ஷாலை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தியபாய் அவள் கையைப் பிடித்துச் சமையல் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

"எழுப்பிராதிங்க டீச்சர்," என்றாள் சுபிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வந்து பதினேழு நாளாச்சு. ஒரு ராத்திரி கண்ணு அடைக்கல்ல. ஃபேனப் பாத்துக் கிடப்பாவ. இல்லேண்ணா முற்றத்துல நடப்பாவ. பிள்ளையள் ஒறங்குததப் பாத்தா அவுங்களுக்குக் கோவம் வருது. எதுக்குண்ணு எனக்குத் தெரியல்ல, கேட்டா கடிக்க வருதாவ. மாத்திரையும் தின்னு பாத்தாச்சு."

சத்தியபாய்க்குச் சுரீரென்றது. நாலு நாளாக அவனைத் திட்டாத திட்டில்லை மனசுக்குள். இந்த மனுஷனையா நான் திட்டினேன் என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஐந்தே காலுக்கு முருகதாஸ் அசைந்தான். கையைத் தலைக்கு மேல் நீட்டி முறித்தான். மெல்லக் கண்ணைத் திறந்தான். முற்றத்தில் முப்பது நாற்பது பேர் செருப்பில்லாமல், பேச்சில்லாமல், நனைந்துபோய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் விழுந்தடித்து எழுந்து உட்கார்ந்தான்.

"அய்யோ! ஆரு மரிச்சா?"

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக உடைந்தது. அல்போன்ஸ் மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அஸ்வதி மட்டும் சிரிக்கவில்லை.

"ஆரும் மரிக்கல்லப்பா. நீ ஒறங்கின," என்றாள். "எழுப்பப்பிடாதுண்ணு எல்லாரும் நிண்ணாவ."

அவன் முகம் சுருங்கிப் போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஈர முற்றத்தைப் பார்த்தான், சிரித்தவர்களைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சிரிப்பு தானாக அடங்கியது. சத்தியபாய் மேசையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள். சொல்ல வைத்திருந்த அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"டிசி ரெடி முருகதாஸ்," என்றாள். "ஆனா இந்த உறக்கத்த நான் நிறுத்த மாட்டேன். நீங்க கொண்டுபோறதானா கொண்டுபோங்க."

பத்தொன்பது, பத்தொன்பது என்று உள்ளே அடித்துக்கொண்டது.

அவன் தாளை வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான், அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

"டீச்சர், அங்க எங்க கேம்ப்ல ஒரு கட்டில் ரெண்டு பேருக்கு. எனக்கு நைட் டியூட்டி. நான் பகல்ல கிடப்பேன், மத்தவன் ராத்திரி. அவன் டியூட்டி முடிஞ்சு வந்தா காலத் தட்டுவான், நான் எழும்பிக் குடுக்கணும். அவனும் பாவம், அவனுக்கும் கிடக்கணும்லா. பதினொண்ணு வருஷம்." தலைமாட்டில் கிடந்த பாயைத் தடவினான். "ஆராவது வந்து தட்டுவானுவண்ணு பயந்தே ஒறக்கம் போச்சு. நானாக் கண்ணு முழிச்சது எப்பவாக்கும்ணு எனக்கு ஓர்மையே இல்ல டீச்சர். இண்ணைக்கு நானா முழிச்சேன்."

சுபிதா சத்தமாகவே அழுதாள். சத்தியபாய்க்கும் கண் நிறைந்து, தாளிலிருந்த எழுத்தெல்லாம் மங்கியது. அவள் இரண்டு தாள்களையும் அவன் பக்கம் நீட்டியபடியே நின்றாள்.

"அதக் கீறிப் போடுங்க," என்றான் முருகதாஸ். மகனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான். "எனக்கு இன்னும் நாப்பத்திமூணு நாள் லீவு உண்டு. மத்தியானம் நான் இஞ்ச வந்து கிடந்தா பிள்ளையளுக்கு இடஞ்சலா இருக்குமா?"