படுக்க வைத்த தகரம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, வங்காலைக் குருசடி ஒழுங்கையில், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஜெயனியின் இடது காதுத் தோட்டை ஒருவன் பிய்த்துக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஓட்டியவன் நிறுத்தவில்லை. பின்னால் இருந்தவன் பெருவிரல் நகம் கறுத்த கையை நீட்டினான், அவ்வளவுதான். காது கிழிந்து இரத்தம் ஒழுக அவள் கத்தினாள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு வீடுகள். ஒருவரும் வெளியே வரவில்லை.

அது கல்நெஞ்சு அல்ல. கடலுக்குப் போய்வந்த ஆம்பிளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரம் அது. விழித்திருந்தவர்களுக்கும் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போன வருடம் இரண்டு வீட்டில் படகு எஞ்சின் களவு போனபின், ஓலை வேலிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லாரும் எட்டடித் தகரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒழுங்கை ஒரு தகரக் குழாயாகிவிட்டது. முதலில் தகரம் அடித்தவர் ஜெயனியின் அப்பா அமிர்தநாயகம்.

காதில் நாலு தையலோடு வந்தவளிடம் அவர் சொன்னார்: "இனி நீ வேலைக்குப் போகத் தேவையில்லை."

"எனக்கு அந்த வேலை வேணும் அப்பா."

"நண்டு உடைக்கிறது ஒரு வேலையோ?"

"நீங்கள் பிடிக்கிறது வேலையெண்டா, நான் உடைக்கிறதும் வேலைதான்."

நண்டுக் கொம்பனியில் ஒரு மேசை முழுவதற்கும் பொறுப்பாக அவளை உயர்த்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி இருப்பாள் என்று மேற்பார்வையாளர் போனில் சொல்லிவிட்டார்.

ஜெயனியின் அம்மா றஞ்சிதம் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாள். வண்டி நம்பர் கேட்டார்கள். அது தெரியாது. திரும்பி வந்து, அந்த வருடம் இதே ஒழுங்கையில் பறிகொடுத்த மற்ற மூன்று பெண்களிடமும் எந்த இடத்தில் என்று விசாரித்தாள். மூவரும் அதோடு கொம்பனியை விட்டவர்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் இடம் காட்டினாள். அழகம்மா வாசலை மட்டும் ஒருவரும் காட்டவில்லை. அழகம்மா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவள். கருவாட்டு வாடியில் கூலி வேலை. தகரம் வாங்க வசதியில்லாததால் அவள் வேலி இன்னும் நாலு தடியும் இரண்டு கம்பியும்தான்.

"உன்ர வாசலில மட்டும் ஏன் ஒருத்தனும் கை வைக்கேல்லை?" என்று றஞ்சிதம் கேட்டாள்.

"என் மூஞ்சியப் பாத்து பயந்திருப்பானுங்கக்கா," அழகம்மா சிரித்தாள். "இல்லாட்டி, அவனுங்க மூஞ்சிய நான் பாத்துருவேன்னு பயந்திருப்பானுங்க."

வெள்ளிக்கிழமை ஒழுங்கைச் சனம், அயல் வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்துக்குக் கூடியது. அன்பியத் தலைவர் றெனால்ட், நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டியெழுப்பிய பகுதியை வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடினார்.

"பாத்தீங்களோ? பாதுகாப்பெண்டா மதில். வேதத்திலயே கிடக்கு. இன்னும் ரெண்டடி உயத்துவம்."

றஞ்சிதம் எழும்பினாள். "றெனால்ட் அண்ணை, அந்த மதில் ஊரைச் சுத்தியோ, வீட்டுக்கு வீடோ?"

"ஊரைச் சுத்தித்தான்."

"நாங்கள் ஆளை ஆள் மறைச்செல்லோ கட்டியிருக்கிறம். அவரவர் வீட்டுக்கு முன்னால நிண்டு கட்டினவையெண்டு இப்பதானே வாசிச்சனீங்கள். எங்கட வீட்டுக்கு முன்னால என்ன நடக்குதெண்டு எங்களில ஆருக்குத் தெரியும்? என்ர பிள்ளை இருவது அடிக்கு அங்கால நிண்டு கத்தினவள். எனக்குத் தெரியேல்லை."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுறாய்?" என்றார் அமிர்தநாயகம். "ஊருக்கெல்லாம் நானோ காவல்?"

"தம்பியைச் சாக்கொண்டுபோட்டுக் காயினும் கடவுளிட்ட இதைத்தான் கேட்டவன்."

கூட்டம் சிரித்தது. "தகரத்தை இறக்கி, ஆளை ஆள் பாக்கிற மாதிரிக் கட்டுவம்," என்றாள் றஞ்சிதம்.

"அப்ப பொம்பிளையள் றோட்டு பாக்கக் குளிக்கிறதோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நிக்கிற தகரத்தைக் கழட்டிப் படுக்க வையுங்கோ. ரெண்டரை அடி உயரம்தான் வரும். மூண்டில ரெண்டு பங்கு மிஞ்சும். அதால கிணத்தடியை மறையுங்கோ."

யோசிப்பம் என்று சொல்லிக் கலைந்தார்கள். யோசிப்பம் என்றால் செய்யமாட்டோம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை, அமிர்தநாயகம் கடலில் இருக்கும்போதே றஞ்சிதம் முன்வேலியைக் கழற்றிவிட்டாள். அவர் மீன் கூடையோடு வந்து சேர்ந்தபோது வீடு திறந்து கிடந்தது.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?"

"உங்களைத்தான். நேற்றுக் கேட்டனான். நீங்கள் காயின்ர மறுமொழி சொன்னனீங்கள்."

அவர் போட்ட சத்தம் ஒழுங்கைக்கே கேட்டது. முந்தி என்றால் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். இப்போது சனம் வந்து நின்று ஆளையும் பார்த்தது. றஞ்சிதம் தகரத்தின் ஒரு முனையைப் பிடித்தாள், ஜெயனி மற்ற முனையை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கத்தை உயத்து. கோணுது."

"கோணினா கோணட்டும்."

"விடு இஞ்ச!" கூடையை இறக்கிவிட்டு, றஞ்சிதத்தின் இடுப்பில் செருகியிருந்த கம்பிக் குறட்டைப் பிடுங்கினார். கோணலாக ஒரு வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த மனிதனால் ஒருநாளும் முடிந்ததில்லை.

முதலில் தகரம் அடித்தவரே படுக்க வைத்ததும், பின்னேரத்துக்குள் பதினொரு வீட்டுத் தகரம் படுத்தது. மிஞ்சியதில் நாலு தகரம் அழகம்மாவின் குசினிக்குக் கூரையானது. ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்கள் ஒருவர் வளவை ஒருவர் எட்டிப் பார்த்து, ஆர் வீட்டில் எத்தனை கோழி என்று கதைத்தார்கள். திங்கள் காலை மேலும் நாலு. மற்ற இரண்டு வீட்டாரும் கடைசிவரை அசையவில்லை.

திங்கட்கிழமை ஜெயனி வேலைக்குப் போனாள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மத்தியானம் படுக்காமல் வலையைத் தூக்கிக்கொண்டு முன்வளவுக்கு வந்து பொத்தல் பார்க்கத் தொடங்கினார். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரனும் வலையோடு வந்தான்.

இரண்டு மணிக்கு ஜெயனி ஒழுங்கைக்குள் இறங்கினாள். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பியது. அதில் இரண்டு பேர். ஒழுங்கையைப் பார்த்ததும் வண்டி தயங்கியது.

"அக்கோவ்! வர்றானுங்க!" என்று அழகம்மா கத்தினாள்.

இந்த முறை சத்தம் எங்கிருந்து என்று எல்லாருக்கும் தெரிந்தது. முன்னும் பின்னும் சனம் இறங்கியது. மணலுக்குள் வண்டி திணறியது. அமிர்தநாயகம் வேலியைத் தாண்டி வந்து சாவியை இழுத்தெடுத்தார்.

"எங்க தம்பிமார் போறியள்?"

"சும்மா... கடல் பாக்க."

றஞ்சிதம் வண்டியின் பின்பக்கம் போனாள். நம்பர் தகடு முழுக்கச் சேறு.

"மழை கண்டு மூண்டு மாசம். உங்களுக்கு எங்கால ராசா சேறு?"

சனம் கொல்லென்று சிரித்தது. அவள் கிணற்றடியிலிருந்து வாளித் தண்ணீர் கொண்டுவந்து, துணியால் தகட்டைத் துடைத்தாள். றெனால்ட் நம்பரை உரத்து வாசித்தார். ஜெயனி பின்னால் இருந்தவனின் கையைப் பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"இந்தக் கைதான்."

எதிர்வீட்டுக்காரன் துடுப்பை ஓங்கினான். றஞ்சிதம் குறுக்கே விழுந்தாள். "வையடா கீழ! அடிச்சுச் செத்தா இரத்தப்பழி எங்கட வாசலில. பொலிஸுக்குப் போன் அடி."

பொலிஸ் வந்து வண்டிப் பெட்டியைத் திறந்தது. அறுந்த சங்கிலி இரண்டு கிடந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டில் அமிர்தநாயகம் தலை நிமிராமல் கேட்டார்: "நாளைக்கு எத்தினை மணிக்கு பஸ்?"

"ஆறரைக்கு."

"அப்ப வேளைக்குப் படு."

காலையில், வேலையை விட்டிருந்த மூன்று பெண்களும் ஜெயனியோடு சேர்ந்து நடந்தார்கள், தங்கள் பழைய இடத்தைக் கேட்டுப் பார்க்க. பஸ் தரிப்பிடம் எட்டு நிமிட நடை. அன்று பதினைந்து நிமிடம் பிடித்தது. வேலிக்கு வேலி ஒரு ஆள் நின்று, எங்க போறியள், காது எப்பிடி, ஆர் ஆர் வந்தது என்று கேட்டது. எல்லாருக்கும் மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது.

றோட்டில் பஸ்ஸின் கோர்ன் கேட்டது.

"கதை காணும், ஓடுங்கோடி!" என்று றஞ்சிதம் இடுப்பளவு வேலிக்கு மேலால் கத்தினாள். நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பஸ்ஸில் ஏறும்வரை முழு ஒழுங்கையும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.