இடது வளைவு

"விக்கலாம்னா சொன்னேன்? மாத்திக்கலாம்னுதானே—"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப நம்ம வண்டி நம்மகிட்ட இருக்காதுல்ல—"

"இருந்து என்ன பண்ணப்போகுது? வயசாயிடுச்சு அதுக்கு. முன்ன மாதிரி ஓடல—"

"எதுக்கு வயசாயிடுச்சு? வண்டிக்கா?"

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரின் கை நின்றது. குத்த வேண்டும் என்று அவள் அதைச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, வந்துவிட்டது. அவர் மறுபடியும் துடைக்கத் தொடங்கினார், துடைத்த இடத்தையே.

"சண்டை முடிஞ்சதும் சொல்லு தங்கச்சி. அதுவரைக்கும் எனக்குக் காது கேக்காது" என்றார் மெத்தைக்கடைக்காரர். பழைய டயர்களின் அடுக்கின் மேல் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சண்டைக்குக் காரணமே அவர்தான். அவருடைய பெரிய காரையும் இவர்களுடைய சிறிய காரையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று காலையில் ஆரம்பித்துவைத்துவிட்டு இப்போது வேடிக்கை பார்க்கிறார். மாதம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து இந்த ரேஸ் டிராக்கில் ஓட்டலாம். இங்கே பழகிய பழக்கத்தில்தான் இவள் அவருக்குத் தங்கச்சியானதும், அவள் கணவர் மாப்பிள்ளையானதும்.

இரண்டு வண்டிகளும் ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பெரியது நீண்ட மூக்கும் எட்டு சிலிண்டரும் கொண்டது. கிளப்பினால் தகரக் கூரை அதிரும். சின்னது இரண்டே இருக்கை, துணிக்கூரை. கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம் வரும். இருவர் சேர்ந்து தள்ளினால் மேட்டில்கூட ஏறிவிடும். அதன் எஞ்சினைப் பெரிதாக யாரும் மெச்சியதில்லை. ஆனால் வளைவில் அது நினைத்த இடத்தில் திரும்பும். பிரேக்கைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடலாம், டயரும் அலறாது.

"அண்ணே, உங்க எருமை நேர் ரோட்டுல பறக்கும், ஒத்துக்கிறேன். வளைவு வந்தா? அவ்வளவு கனத்தையும் பிடிச்சு நிறுத்தணுமே. கொஞ்ச நேரம் ஓட்டினாலே பிரேக் சூடாகி, மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது."

"மெத்தை விக்கிறவன் பிரேக் வேற எப்படிம்மா இருக்கும்?" அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஆசைதான். என் பொண்ணு சொல்றா, அப்பா, உனக்கு ஓட்டத் தெரியல, உன் எஞ்சினுக்குத்தான் ஓடத் தெரியுதுன்னு. உங்க தகர டப்பாவுல ஒரு வருஷம் ஓட்டினா நானும் டிரைவர் ஆயிடுவேன்ல?"

"கேட்டியா? அவர் ஆசைப்படுறார்" என்றார் கணவர். "எனக்கும் அலுத்துப்போச்சு. பெருசுல ஒரு வளைவுல கோட்டை விட்டாலும் அடுத்த நேர்ல அழுத்திப் பிடிச்சிடலாம்."

"கோட்டை விடாம ஓட்டணும்னுதானே இதை வாங்கினோம்?"

அவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தார். பல வருடம் இந்தச் சின்ன வண்டியில் பெரிய வண்டிகளை வளைவுக்கு வளைவு தாண்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியவர். இந்த வருடம் மெத்தைக்கடைக்காரரே அவரைத் தாண்டிப் போகிறார். டயரை மாற்றிப் பார்த்தார். பிரேக் பேடை மாற்றினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, "இன்னும் ஏதோ சரியில்ல" என்பார்.

காலையில் வேலியோரம் நின்று அவர் ஓட்டுவதைக் காதால் கேட்டாள். எஞ்சின் சத்தம் வலது வளைவுகளில் எல்லாம் பழையபடிதான் ஏறி இறங்கியது. அந்த டிராக்கில் ஒரே ஓர் இடது வளைவுதான், நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்தில். அங்கே மட்டும் சத்தம் வெகு முன்னாலேயே தணிந்தது. ஒவ்வொரு சுற்றிலும்.

"கொடுங்க சாவியை" என்றாள். "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கிறேன்."

"எதுக்கு?"

"வண்டி மேல பழி போடுறீங்களே, அதுகிட்டயே கேட்டுட்டு வரேன்."

வண்டியில் ஒரு குறையும் இல்லை. இடது வளைவுக்கு முன்னால் அவர் பிரேக் பிடிக்கிற இடம் வந்தது, போனது. அதற்கப்புறமும் அவள் அழுத்திக்கொண்டேயிருந்தாள். வளைவின் உள்ளோரத்தில் சிவப்பு வெள்ளைக் கல் வரிசை இடதுபக்கம் தெளிவாகத் தெரிந்தபோதுதான் மிதித்தாள். வண்டி சொன்னபடி கேட்டுத் திரும்பியது. திரும்பிய மாத்திரத்தில் அவளுக்கு அது தோன்றியது. இந்தக் கல் வரிசை அவருக்குத் தெரியவில்லை என்றால்?

ஷெட்டுக்குத் திரும்பியபோது மெத்தைக்கடைக்காரர் ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார். "மாப்ள! உன்னைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டுட்டா என் தங்கச்சி! வண்டிக்கு வயசாயிடுச்சாம்ல, வண்டிக்கு!"

"சும்மா இருங்கண்ணே" என்றாள். அவள் குரலைக் கேட்டு அவர் கையை இறக்கிக்கொண்டார். கணவர் வாட்ச்சைப் பார்க்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவருடைய இடதுபக்கமாக நீட்டினாள். அவர் எதிரே இருந்த பெரிய வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் தோளில் பட்டதும் திடுக்கிட்டு வாங்கினார். போன வாரம் நடந்ததும் நினைவுக்கு வந்தது. இருவரும் நடத்துவது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் சொன்னாள்: "சைக்கிள்காரரை நானேதான் பார்த்து நிறுத்தினேன் மேடம், சார் பிரேக்கை மிதிக்கவே இல்ல." அவரைக் கேட்டதற்கு, "அவளா நிறுத்துறாளான்னு பார்த்தேன்" என்றார். நல்ல வாத்தியார் அப்படித்தான் செய்வார் என்று இவளும் நம்பிவிட்டாள்.

வீட்டு வண்டியில் போகும்போது எப்படி இது தனக்குத் தெரியாமல் போயிற்று? அதற்கும் பதில் அவளிடமே இருந்தது. மாணவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வாய். யார் ஓட்டினாலும், கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்து இருக்கையிலிருந்து ஓதிக்கொண்டேதான் வருவாள்: இடதுல சைக்கிள், இடதுல குழந்தை, பஸ் கிளம்புது, மெதுவா. முன்பெல்லாம் "வாயை மூடிட்டு வர மாட்டியா, நான் என்ன எல் போர்டா?" என்று எரிந்து விழுவார். அவர் அப்படிக் கேட்டு வெகு நாளாயிற்று. வாய் ஓயாமல் வந்த அவளைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டார் என்றுதான், பாவி, சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால், இடதுபக்கம் கண்ணில் படுவதில்லை என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் பெரிய வண்டி. அந்தக் கனத்தை நிறுத்த எல்லோரும் முன்கூட்டித்தான் பிரேக் பிடிக்க வேண்டும். அதில் இவர் முன்கூட்டி மிதித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்தை எஞ்சின் மீட்டுக் கொடுத்துவிடும். சின்ன வண்டிதான் காட்டிக்கொடுக்கிறது.

நேராகக் கேட்டுவிடலாம்தான். 'நல்லாத்தான் தெரியுது' என்பார், அவளும் நம்பிவிடுவாள். நம்ப ஆசையாகவும் இருந்தது. திங்கட்கிழமை காலையில் யாருடைய பிள்ளையோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கும்.

"சரி" என்றாள். "மாத்துறதுக்கு முன்னாடி பெருசை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நானும் கூட வரேன்."

"நீயா? அதுலயா?"

"ஏன், என் கனத்தையும் சேர்த்து இழுக்காதா உங்க எருமை?"

மெத்தைக்கடைக்காரர் சாவியை வீசினார். "மெதுவா போ மாப்ள, பிரேக் பஞ்சு."

இருக்கை அகலமாக, மெத்தென்று இருந்தது. முதல் சுற்றை நிதானமாக முடித்தார். இரண்டாவதில் நேர்ப்பாதைக்கு வந்ததும் அழுத்தினார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வேலி, கொட்டகை, மரங்கள் எல்லாம் ஒரே கோடாக ஓடின. அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத சிரிப்பு. அவள் நாக்கைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இந்த ஒரு தடவை எதையும் சொல்லக் கூடாது.

இடது வளைவுக்கு முன்னால், இடதோரத்தில், டிராக் ஊழியர், ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர், மேடைமேல் நின்று வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும், தலைக்குமேல். வளைவின் உள்ளே இடதுபக்கப் புல்லில் ஒரு நீல வண்டி சுழன்று குறுக்காக நின்றது. ஓட்டியவர் இறங்கி அதன் பக்கத்தில் நின்றார். எஞ்சின் சத்தம் தணியவில்லை. அவள் வலது கால் தரையை மிதித்தது. பயிற்சி வண்டியில் அந்த இடத்தில் ஒரு பிரேக் இருக்கும். இங்கே வெறும் கம்பளம். நாக்கில் உப்புக் கரித்தது.

அவர் தன் வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, டயர்கள் கதற, வளைந்து போயிற்று. நீல வண்டிக்காரர் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். அவர் வாய் திறந்திருந்ததைக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள்.

"ஐயோ" என்று அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போதுங்க. ஷெட்டுக்குப் போயிடலாம்."

"பயந்துட்டியா?" அவர் சிரித்தார். "இவ்வளவு வருஷமா பக்கத்துல உக்காந்து வர்ற, இன்னும் பயமா?"

ஷெட்டில் எஞ்சினை அணைத்தார். பிரேக் தீய்ந்த வாடை உள்ளே வந்தது. சூடான இரும்பு டக் டக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் மெத்தைக்கடைக்காரர் டயர் அடுக்கிலிருந்து இறங்கி, கையில் இன்னும் தேநீர்க் குவளையோடு, என்ன ஏது என்று புரியாமல் டிராக் பக்கம் பார்த்தார். ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் இவர்களை நோக்கி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார், வண்டியின் இடதுபக்கமாக.

"பார்த்தியா, எவ்வளவு அழகா நிக்குது" என்றார் கணவர், ஸ்டியரிங்கைத் தடவியபடி. "இன்னைக்குத்தான் வாயைத் திறக்காம வந்திருக்க. வண்டி பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? மாத்திக்கலாமா?"

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இடது வளைவுல ஒருத்தர் கொடி ஆட்டினாரேங்க, அது என்ன கலரு?"