குழி விழுந்த தகடு

ஓவனிலிருந்து வெளியே வந்த இரும்புக் கட்டில் பலகையைக் கொக்கியிலிருந்து இறக்கி, யுவராணி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சின் மேல் இன்றைக்கும் ஊசியால் குத்தியதுபோல் குழிகள், அடியில் இரும்பு தெரிய. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கான பலகைகள். நாற்பது ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டன. இரும்பின் மேல் வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தப் பவுடர் கோட்டிங் பட்டறையில் தரம் பார்ப்பது அவள் வேலை. நாலு நாளாக இதே கதை. பவுடரை மாற்றிப் பார்த்தாள். பவுடரைத் தூவும் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் அடித்துப் பார்த்தாள். எண்ணெய்ச் சுவடே இல்லை.

முதலாளி ராஜசேகரன் அதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பிசுக்குப் போகத் தகடு கழுவும் கோதண்டத்திடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பதினாறு வருஷமாக அந்தக் கழுவும் தொட்டியருகே நின்றவர்.

"நான் ஒழுங்காத்தாம்மா கழுவிகினு கீறேன். நீயாச்சும் சொல்லேன்" என்றார் அவளிடம்.

அவர் கழுவிய இரண்டு தகடுகளை எடுத்தாள். ஒன்றை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினாள். மற்றதை, கழுவியவை எப்போதும் காயும் மேற்கு ஜன்னலோரம் அரைமணி நேரம் நிறுத்தினாள். இரண்டுக்கும் ஒரே பூச்சு, ஒரே சூடு. பூட்டியிருந்தது பால்போல் வந்தது. ஜன்னலோரத் தகடெங்கும் குழி.

ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம், அவள் கணவன் அரவிந்தனின் கார் கழுவும் கடை. வேன் ஓட்டும் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்காக, ராஜசேகரனிடம் கெஞ்சி அவள்தான் அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தாள். சுற்றிக்கொண்டு போனபோது அவன் ஒரு காரின் டயரில் டப்பாவிலிருந்து எதையோ பீய்ச்சிக்கொண்டிருந்தான். புகைபோல் மெல்லிய சாரல் காற்றோடு மதிலேறிப் போயிற்று.

"இன்னாய்யா அது?"

"சிலிக்கான் பாலிஷு. போன வாரந்தான் வாங்கினேன். இது வந்தப்புறந்தான் நம்ம கடைக்குக் கூட்டமே வருது, யுவா." அவளை உற்றுப் பார்த்தான். "இன்னா, மொகம் ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல."

பூச்சு ஒட்டாமல் குழி விழக் காற்றில் ஒரு துளி சிலிக்கான் போதும் என்று அவளுக்குத் தெரியும். இவனிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். நாளைக்கே குழிகள் மறைந்துவிடும், முதலாளிக்குத் தெரிந்து கடை இடம் பறிபோகாது. அப்புறம், கோதண்டம் போனதால்தான் சரியானது என்று பட்டறை முழுக்கப் பேசும். நடந்து திரும்பிய அந்தக் கொஞ்ச தூரத்தில் இரண்டு முறை நின்றாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவன் தானாகச் சிரித்தது இந்த வாரந்தான்.

உள்ளே கோதண்டம் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, சுவரோரம் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய், இரண்டு தகடுகளையும் முதலாளி அறையில் ராஜசேகரன் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டையும் கோதண்டண்ணந்தான் கழுவினாரு சார். ஒரே தொட்டி."

அவர் கட்டைவிரலால் ஒன்றைத் தடவினார், பிறகு மற்றதை. அறையை விட்டு வெளியே வந்தார்.

"அப்போ இது எங்கேர்ந்து வருது?"

யுவராணி ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்த அரவிந்தன், டப்பாவைக் காரின் மேல் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி, சிரித்துக்கொண்டே மதிலை நோக்கி வந்தான்.