எண்பதும் இடது கை

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் மில்லிமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. சீருடைகள் தைக்கும் கூடம் அது. எழுபது தையல் இயந்திரங்கள், ஒரே ஒரு வெட்டு மேசை. அந்த மேசை அவளுடையது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை பட்டு ஒரு துண்டுத் துணி வீணானதில்லை. அவள் அளந்ததை யாராவது மறுபடி அளக்கப் போனால், "ஏன், என் டேப்புல நம்பர் அழிஞ்சு போச்சா?" என்பாள். கர்வம்தான். இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாமல் எப்படி?

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. மதிய இடைவேளையில் மற்ற பெண்கள் தூக்கம் வரவில்லை என்று புலம்பினால், "நான் படுத்தா கட்டைதான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்" என்பாள்.

அதில் பாதிதான் உண்மை. ஒன்பது வருடம் முன்பு, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. நெஞ்சு வலியாம், வழியிலேயே முடிந்துவிட்டதாம். அப்போது ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கென்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு வந்த விருந்தாளி ஒன்பது வருடமாக வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. ஒன்று வேலை செய்யாமல் போனபோது ஒன்றரை ஆனது, பிறகு இரண்டு ஆனது. காலை பத்து மணி வரை தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருக்கும். மூன்று டீ குடித்து அதை ஒப்பேற்றுவாள். இது ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

பட்டன் டப்பாவில் ஊசி தேடிய மகளுக்குத்தான் ஒருநாள் தெரிந்தது. ஊசிக்குப் பதிலாக எட்டு மாத்திரை அட்டைகள் கையில் வந்தன.

"அம்மா, இது என்ன?"

"தூக்கத்துக்கு. எப்பவாவது போடுறது."

"எப்பவாவது போடுறதுக்கு எட்டு அட்டையா? இது இல்லாம உங்களால தூங்க முடியுமாம்மா?"

அந்தக் கேள்விதான் வினை. இருபத்திரண்டு வருடமாக 'முடியாது' என்ற சொல்லையே கேட்டறியாத மனுஷி அவள்.

"நெனச்சா இன்னிக்கே விட்டுருவேன். பாக்குறியா?" எட்டு அட்டையையும் மகள் கண்ணெதிரிலேயே பிரித்து, மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

நான்காம் நாள் காலை மேசைக்கு வந்தபோது அவள் நான்கு நாளில் மொத்தம் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தாள். உள்ளங்கை வியர்த்தது. தையல் இயந்திரச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடித்தது. அன்றைக்கென்று பார்த்து, ஒரு பெரிய விடுதியின் ஊழியர்களுக்கு நாற்பது கோட்டு வெட்ட வேண்டியிருந்தது.

துணியை மேசையில் அடுக்கடுக்காக விரித்துக் கொடுப்பவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போன்ற ஆள். துணியை விரிக்க இரண்டு வழி உண்டு. எல்லா அடுக்கிலும் நல்ல பக்கம் மேலே பார்த்தபடி விரிக்கலாம். இல்லையென்றால் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் எதிரெதிராக விரிக்கலாம். எதிரெதிராக விரித்தால், கோட்டுக் கையின் வடிவத்தில் நறுக்கிய ஒரே அளவு அட்டையை மேலே வைத்து வெட்டினாலே வலதும் இடதும் ஜோடியாக வந்துவிடும். மேலே பார்த்து விரித்தால், கை அட்டையை ஒருமுறை வைத்து, பிறகு திருப்பிப் போட்டு இன்னொரு முறை வைக்க வேண்டும். இது அவளுக்கு அரிச்சுவடி.

அன்று அண்ணன் நாற்பது அடுக்கையும் மேலே பார்த்து விரித்திருந்தார். அவளோ இரண்டாம் முறையும் அட்டையைத் திருப்பாமலே வைத்தாள். வெட்டு இயந்திரம் ஓடி முடித்தபோது மேசையில் எண்பது கைகள் கிடந்தன. எண்பதும் இடது கை.

முதலாளி வந்து நின்றார். கூடமே வந்து நின்றது. அவள் வாய் முந்திக்கொண்டது.

"எதிரெதிரா விரிக்கச் சொன்னேனே அண்ணே! மேல பார்த்து விரிச்சு வச்சிருக்கீங்களே!"

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"என் காதுல சரியா விழல போலிருக்கு," என்றார்.

மில்லிமீட்டர் தப்பு செய்வாளா என்று யாரும் யோசிக்கவில்லை. மறுநாளே அண்ணனைக் கட்டுப் போடும் பகுதிக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடம் மேசையருகில் நின்றவர் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டப் போனார்.

அந்த நான்காம் நாள் மாலையே வீட்டு வாசலில் அவள் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இது வேறு டாக்டர். நிதானமான பெண்மணி, ஆனால் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் சாப்பிட்டதை ஒரே நாள்ல நிறுத்துனீங்களா? வலிப்பு வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

"அப்ப நான் இதுக்கு அடிமையா டாக்டர்?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தை விட அவமானம்தான் அதிகம்.

"உடம்பு பழகிருச்சு. யார் உடம்பா இருந்தாலும் பழகும். வீம்பு பண்ணா அது கேக்காது. மெதுவா சொன்னா கேக்கும். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"வெட்டு மாஸ்டர். சீருடை."

"நாப்பத்திநாலு அளவு சட்டையை முப்பத்திரண்டுக்கு எப்படிக் குறைப்பீங்க?"

"ஒரே வெட்டா குறைச்சா தோளும் கழுத்தும் கோணிக்கும். ஒவ்வொரு அளவா, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா..." பாதியில் நிறுத்தினாள். டாக்டர் சிரித்தார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, டாக்டர் போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி குறைத்தாள். இரண்டு ஒன்றரை ஆனது, பிறகு ஒன்று, அரை, கால், பிறகு அதிலும் பாதி. சவர பிளேடால் அவள் வெட்டிய துண்டுகளைப் பார்த்து மருந்துக் கடைக்காரரே வாய் பிளந்தார். ஐந்தாம் மாதம் தூக்கம் முரண்டு பிடித்தபோது, "ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம், இங்கயே ஒரு மாசம் நில்லுங்க" என்றார் டாக்டர். நிற்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதினோராம் மாதம் கடைசித் துணுக்கும் தீர்ந்தது.

பஞ்சு விலகியது. கூடவே அவள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்த நான்காம் நாளின் காலை அவள் நினைவில் பளிச்சென்று வந்து நின்றது. அவளுடைய சொந்தக் குரல்: "அண்ணே, எல்லாம் நல்ல பக்கம் மேல பார்த்து விரிங்க. துணியில இருக்குற கோடு என் கண்ணுக்குத் தெரியணும்." இத்தனை நாளும் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பியிருந்தாள்.

மூன்று வாரம் தானாகத் தூங்கி எழுந்த பிறகு மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். "என் அம்மா மாதிரி யாரால முடியும்! கொண்டாடியே ஆகணும்!"

"இரு. இன்னும் ஒரு வெட்டு பாக்கி இருக்கு."

அன்று மதிய இடைவேளையில் அவள் கட்டுப் போடும் பகுதிக்குப் போய் அண்ணனைக் கையோடு மேசைக்கு அழைத்து வந்தாள். கூடம் முழுவதும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முதலாளியும் இருந்தார். அவள் அளவுகோலால் மேசையைத் தட்டினாள்.

"அன்னிக்கு எண்பது இடது கை வெட்டினது நான். மேல பார்த்து விரிக்கச் சொன்னதும் நான். ஒன்பது வருஷமா தூக்க மாத்திரை போட்டுத்தான் தூங்கினேன். வீம்புக்கு ஒரே நாள்ல நிறுத்தி, கை நடுங்கிக்கிட்டு வந்து நின்னேன். பழியை அண்ணன் தலையில கட்டிட்டேன்."

இருபத்திரண்டு வருடப் பெயர் அந்த மேசையில் கிடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு முதுகு குனியவில்லை. முதன்முதலாகத் துணியைப் பிசகாமல் வெட்டிய நாளில்கூட அவள் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார் அண்ணன்.

"தெரிஞ்சா ஏன் அண்ணே வாயத் திறக்கல?"

"உங்க கை நடுங்கிச்சு. உங்களுக்கு உடம்புக்கு ஏதோ பெருசா வந்திருக்குன்னு நெனச்சேன். அந்த நேரத்துல உங்க பேரையும் பறிக்க மனசு வரல."

அதைக் கேட்டு அவள் அழுதாள், எல்லோருக்கும் முன்னால், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு. பட்டன் துளை போடும் பெண் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு அவளருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்த டாக்டர் எங்க இருக்காங்க? நானும் ஆறு வருஷமா போடுறேன்."

"நீயா நிறுத்திடாத. சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மில்லிமீட்டர்.

மணி அடித்தது. முதலாளி புதுத் துணி உருளையை அண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் மேசையின் தன் பழைய மூலைக்குப் போய் நின்று, கூடமே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், எப்படி விரிக்கட்டும்?"

"எதிரெதிரா. நான்தான் சொன்னேன்னு எழுதி வச்சுக்குங்க அண்ணே."

அண்ணன் சாக்குக்கட்டியை எடுத்து, மேசை ஓரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினார்.