ஈசானி மூலை மண்

எங்கள் ஒன்பது சென்ட் ஒரு காலத்தில் சதுப்பு. மேலே ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி விற்றார்கள். மலிவு என்று என் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசன் வாங்கிப் போட்டார். அருவங்காடு ஃபேக்டரியில் அவருக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் வீடு எழும்பாவிட்டால் எங்கே போவது? 

இன்ஜினீயர் நவநீதன் அஸ்திவாரத்துக்கு இரண்டு எஸ்டிமேட் கொடுத்தார். ஆழத்துக்குக் கான்கிரீட் தூண் இறக்கும் பைல் போட்டால் பதினான்கு லட்சம். மெஷினை மலையேற்றவே பெரும்பங்கு போய்விடும். ஜல்லித் தூண்களை இறக்கி மண்ணைக் கெட்டிப்படுத்தினால் ஐந்து லட்சம்.

"ஜல்லியே போதும். மண் டெஸ்ட்தான் நல்லா வந்திருக்குதே" என்றார் என் வீட்டுக்காரர்.

டெஸ்ட்டுக்குப் போட்டது ஒரே குழி. அதுவும் பூமி பூஜை செய்த ஈசானி மூலையில். பூஜை போடாத இடத்தில் இரும்பு இறங்கக் கூடாது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

மழை விட்ட ஒரு காலையில் நான் போய்ப் பார்த்தேன். ஈசானி மூலை மட்டும் மலையை ஒட்டிய பழைய மண். குடையை ஊன்றினால் நுனிகூட இறங்கவில்லை. படுக்கையறை வரவேண்டிய எதிர்மூலையில் பாதிக் குடை உள்ளே போனது. உருவினால் கறுப்புச் சேறு.

"ஏனுங்க, நம்ம படுக்கப்போற எடத்துல இன்னொரு குழி போடச் சொல்லுங்க."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம், மஞ்சு."

"பயந்தானுங்க. நீங்களும் கொஞ்சம் பயப்படுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தார். புதுக் குழியில் மேலே ஓரடிக்குச் செம்மண், அதன் கீழே இருபதடிக்குச் சேறு.

"பூஜைன்னதும் நானும் ஒரே குழியோட விட்டுட்டனுங்க சார். தப்புங்க" என்றார் நவநீதன். மறுபடி கணக்குப் போட்டார். ஜல்லித் தூண்களே பன்னிரண்டு லட்சத்துக்கு வந்தன. பைல் பதினேழு. எங்கள் கையில் இருப்பதே பதினாறு, அதில்தான் வீடும் கட்ட வேண்டும்.

இவர் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.  நான் சொன்னது பலித்ததில் எனக்குத் துளியும் சந்தோஷமில்லை.

"ஈசானி மூலையில மட்டும் கட்டுனா?" என்று கேட்டேன்.

"அங்க மலை மண்ணுங்க அக்கா. சாதாரண கடைக்காலே தாங்கும். ரெண்டு ரூமும் சமையக்கட்டும் வரும்" என்றார் நவநீதன்.

"அது சாமி மூலை. அங்க கட்டிலும் அடுப்புமா?" என்றார் இவர்.

"சாமி கெட்டியான எடத்துலதானுங்க உக்காந்திருக்குது. நம்மளும் அங்கயே ஒண்டிக்கலாம்."

இவர் எழுந்து போய் அந்த மூலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அளக்கிற கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.