கண் திறக்காத படை

"கண்ணே இல்லாம இவங்க எப்படிப்பா சண்டை போடுவாங்க?"

நிரோஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அப்பா வண்ணம் பூசிக் காயவைத்திருந்த வீரர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தாள். விரல் உயரப் பொம்மைகள். வேட்டி மடிப்பு இருந்தது, கேடயத்தின் ஆணிகள் இருந்தன, மீசையின் முறுக்குகூட இருந்தது. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"சண்டை அன்னிக்குத்தான் கண்ணு திறப்பாங்க. அதுவரைக்கும் தூங்கட்டும்," என்றார் அம்பிகைபாகன்.

அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு கோயில் குடமுழுக்குக்குப் போயிருந்தார். திரைக்குப் பின்னால் ஸ்தபதி பொன் ஊசியால் சாமிக்குக் கண் திறந்துகொண்டிருந்தார். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் என்று அவருடைய அப்பா காதோடு சொன்னது அப்படியே மனத்தில் தங்கிவிட்டது. "சாமியும் உங்க பொம்மையும் ஒண்ணா?" என்று மனைவி அருந்ததி கேட்டால் தூரிகையைக் கழுவ எழுந்துவிடுவார். ஆனாலும் முழுப் படையும் முடியாமல் ஒரு வீரனுக்குக்கூட அவர் கண் வரைந்ததில்லை.

அந்தப் படைக்கு ஒரு நீண்ட திட்டம் இருந்தது. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் அவரும் நண்பன் ஷாருலும் சேர்ந்து பென்சிலால் எழுதியது. சோழர் கப்பல்படை கடாரத்தைத் தாக்கி ஆயிரம் ஆண்டு நிறையும் வருஷத்தில், அந்தப் போரை மேசைமேல் நடத்துவது. அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி, படைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டு அது. முதலில் காலாட்கள், பிறகு வில்லாளிகள், பிறகு யானைகள், கடைசியில் கப்பல்கள் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வேலை. அம்பிகைபாகனுக்குச் சோழர்கள். ஷாருலுக்குக் கடாரம்.

ஷாருல் ஜுருவில் பழைய கார் வாங்கி விற்பவன். பரம்பரைப் பினாங்கு முஸ்லிம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். "சோழனா இருக்க ஊருல ஆயிரம் பேரு வருவான், அண்ணே. அடி வாங்குற பக்கத்துக்கும் ஒரு ஆளு வேணும்ல? ஆனா பாருங்க, இந்தத் தடவ கடாரம்தான் ஜெயிக்கும் லா," என்பான். ஜெலுத்தோங்கில் தன் வீட்டில் அவன் கப்பல்கள் கட்டினான். குச்சியில் கோத்துச் சுட்ட கோழிச் சாத்தே தின்று சேர்த்த மூங்கில் குச்சிகள்தான் பாய்மரங்கள். "இந்தக் கப்பல்படைக்காக எத்தன கோழி உயிரைக் கொடுத்திருக்கு தெரியுமா?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

நிரோஷா படித்து, கோலாலம்பூரில் வேலைக்கும் போய்விட்டாள். அந்த வருஷமும் வந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். அம்பிகைபாகன் தண்ணீர்மலைக்கு ஏறி முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, மிக மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் திறக்கும் வேலை தொடங்கியது.

முதல் வரிசை நன்றாக வந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவனின் கருவிழி கன்னத்துக்கு இறங்கிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்பவும் கன்னம். களைப்பு என்று நினைத்துத் தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகள் வளைந்திருந்தன. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தண்ணீருக்குள் கிடப்பவைபோல அவை நெளிந்தன. நடுவில் சாம்பல் பூசியதுபோல் ஒரு திட்டு. வலது கண்ணை மூடிப் பார்த்தார். கம்பிகள் நேராக நின்றன.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே கண்ணைச் சோதித்த பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். விழித்திரையில் நீர் கசிகிறது போலிருக்கிறது, விட்டால் நடுப்பார்வை போய்விடும், போனது திரும்பி வராது என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணில் ஊசி போடுவார்கள், கட்டுக் கட்டுவார்கள், அருந்ததி தூரிகையைப் பிடுங்கி வைத்துவிடுவாள். சண்டை முடியட்டும், மறுநாளே போகிறேன் என்று முருகனிடம் சொல்லிக்கொண்டார்.

மேசைப் பலகைகளைத் தீவுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தச்சரிடம் செய்யக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துவர அவரும் ஷாருலும் போனார்கள். அம்பிகைபாகன் ஓட்டினார். கடல்மேல் போகும் பாலத்தின் நடுவில், சாலைக் கோடு மெல்ல வலப்பக்கமாக வளைவதுபோல் தெரிந்தது. அவரும் வளைந்தார்.

"அண்ணே! மோட்டார்!"

ஷாருல் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். வலப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரனை அலறவிட்டபடி கதவை உரசுவதுபோல் கடந்தது. பின்னிருக்கையில் ஒரு பெண், மடியில் பிள்ளையை அணைத்தபடி. அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் திட்டுதான் இருந்தது.

பாலம் இறங்கியதும் ஷாருல் காரை ஓரங்கட்டச் சொன்னான்.

"போன வாரம் நீங்க காட்டுன சிப்பாய்ங்கள்ல ரெண்டு பேருக்குக் கண்ணு காதுகிட்ட இருந்துச்சு. சோழனுக்கு மாறுகண்ணுன்னு கிண்டல் பண்ணலாம்னு இருந்தேன்," என்றான் ஷாருல். "இப்ப சொல்லுங்க. என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். கடைக்காரப் பெண் சொன்னதையும் மறைக்கவில்லை.

"அலாமாக்! பைத்தியமா அண்ணே உங்களுக்கு? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சண்டை முடியட்டும்."

"பொம்மைக்குக் கண்ணு வைக்க, உள்ள கண்ணைத் தொலைக்கப் போறீங்களா?"

"பதினாறு வருஷம் தம்பி. நாளு குறிச்சாச்சு. கொஞ்ச நாள்தானே. அருந்ததிகிட்ட வாயைத் திறந்தே, அப்புறம் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன். சத்தியம் பண்ணு."

ஷாருல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காகிட்ட சொல்லமாட்டேன்," என்றான் கடைசியில். "ஆனா சாவிய குடுங்க. இனிமே நீங்க ஓட்டக்கூடாது."

அவர் சாவியைக் கொடுத்தார். அதன் பிறகு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனார். மாலையில் விளக்கைக் கிட்டே இழுத்துவைத்துக் கண் வரைந்தார். வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம். திட்டு வளர்ந்துகொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பார். நேற்றைவிட நெளிவு கூடியிருக்கும். அருந்ததி பின்னால் வந்து நின்றால், வானம் பார்ப்பவர்போல் நிற்பார்.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஷாருலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கடாரம் தயாராக இல்லை, பூனை கப்பல்களைத் தள்ளி உடைத்துவிட்டது, எல்லாரும் மன்னிக்கவேண்டும், ஆட்டத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

ஈப்போ வாசு உடனே எழுதினான்: "சோழன் வர்றதுக்குள்ள பூனை கடாரத்தைப் புடிச்சிடுச்சு டோய்!" அடுத்தடுத்துக் கேலிகள் குவிந்தன. தங்குவதற்கு எடுத்த அறைக்கு யார் பணம் கொடுப்பது என்று ஒருவர் காரமாகக் கேட்டார்.

அம்பிகைபாகன் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் பஸ் ஏறினார்.

கப்பல்கள் அவர் தலை உயரத்துக்கு ஓர் அலமாரித் தட்டில் இருந்தன. ஒன்றில்கூடப் பாய்மரம் இல்லை. மொட்டை மொட்டையாகக் கிடந்தன. கீழே பாயில் தவுக்கே தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கே முதலாளிபோல நடந்துகொள்வதால் அந்தப் பூனைக்கு அந்தப் பெயர்.

"ஒட்டிடலாம். ரெண்டு நாள் வேலை. இங்க குடு, நான் ஒட்டுறேன்," என்றார்.

"வேணாம்ணே."

"அப்ப கப்பல் இல்லாம ஆடுவோம்."

"கப்பல் இல்லாம அது என்ன கடாரம்?"

"நாளு குறிச்சாச்சுடா! வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஆயிரமாவது வருஷம் இன்னொரு தடவ வருமா?"

"வராது," என்றான் ஷாருல். குனிந்து பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். "என்னால ஆட முடியாது. அவ்வளவுதான்."

"பதினாறு வருஷம் ஒரு சோம்பேறிய நம்பிக் கெட்டேன்," என்றார் அம்பிகைபாகன்.

ஷாருல் நிமிரவில்லை. அவர் வாசலில் செருப்பைத் தேடினார். கண்ணுக்கு அகப்படவில்லை; காலால் துழாவித்தான் கண்டுபிடித்தார். உள்ளே அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டில் மேசைமேல் வீரர்கள் காத்திருந்தார்கள். அவர் தூரிகையை எடுத்தார், வைத்தார். இனி எந்தச் சனிக்கிழமைக்காக? மலைக் கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. சண்டை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இப்போது சண்டையே இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை.

"அருந்ததி," என்று கூப்பிட்டார். "என் வலது கண்ணு சரியில்ல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "எழுந்திரிங்க," என்றாள். டாக்சியில் அவர் கையைப் பிடித்தவள் ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

டாக்டர் ரொஸ்னா படங்களை நெடுநேரம் பார்த்தார். மறுநாளே ஊசி என்றார். அசையாமல் மேலே ஒரு விளக்கைப் பார்த்தபடி படுத்திருக்கச் சொன்னார்கள். ஊசி வரும் திசை தெரிந்தது. கண்ணை மூட முடியாதபடி கவ்வி போட்டிருந்தார்கள். அம்பிகைபாகன் வாய்க்குள் சரவணபவ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் டாக்டர் அவர் தோளைத் தட்டினார். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தால் தழும்பு விழுந்திருக்கும், பிறகு தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மாதம் ஒரு முறை வரவேண்டும்.

அடுத்த ஊசிக்குக் கிளம்பி அவர்கள் கீழே இறங்கியபோது ஷாருலின் கார் நின்றுகொண்டிருந்தது. "சோழ மகாராஜா, ஏறுங்க. யானைக்கு இன்னிக்கு லீவு," என்றான். அருந்ததி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஏறிக்கொண்டார். அதற்கடுத்த மாதமும் அவன் வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். ஆட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆயிரமாவது ஆண்டு ஆடாமலே கழிந்தது. ஜன்னல் கம்பிகள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தன. முதல் வரிசை உட்பட, கண் வைத்த வீரர்கள் எல்லாரையும் அவர் வண்ணம் கரைக்கும் திரவம் தொட்டுத் துடைத்துத் திரும்பவும் தூங்க வைத்தார். ஆனால் 'சோம்பேறி' என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அவன் அப்படித்தானே செய்தான்?

மார்ச்சில் ஷாருல் தாயாரை அழைத்துக்கொண்டு உம்ரா செய்ய மெக்காவுக்குக் கிளம்பினான். வீட்டுச் சாவியை அவரிடம் நீட்டி, "தவுக்கேக்குச் சோறு மட்டும் வெச்சிடுங்கண்ணே. வேற யாரையும் அதுக்குப் புடிக்காது," என்றான்.

முதல் நாள் அவர் போனபோது பூனை ஒரு நாற்காலியின் கீழே உட்கார்ந்து, மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று புரியவில்லை. அதுவே முன்னங்கால்களைத் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்தது, வயிற்றின் கனம் கீழே இழுத்தது, திரும்பக் கீழே உட்கார்ந்து கத்தியது. அவர் தூக்கி மேலே விட்டார். கனமான கிழட்டுப் பூனை. நாற்காலியில் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது.

அம்பிகைபாகன் பூனையைப் பார்த்தார். பிறகு தன் தலை உயரத்தில் இருந்த தட்டைப் பார்த்தார்.

ஒரு கப்பலை இறக்கினார். இன்னும் அவர் கண்ணுக்கு அத்தனை நுணுக்கம் பிடிபடவில்லை. பாய்மரத்தின் அடிக்கட்டையை ஆள்காட்டி விரலால் தடவினார். ஒடிந்த மூங்கில் நார்நாராகக் குத்தும். இது குத்தவில்லை. கத்தி வைத்து அறுத்ததுபோல் வழவழவென்று தட்டையாக இருந்தது. அடுத்த கப்பலை எடுத்தார். அதுவும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான். நறுக்கிய குச்சிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன, துணியில் சுற்றி. தட்டின் பின்வரிசையில் கடாரத்து வீரர்கள், யானைகள், கோட்டை மதில்கள். எல்லாம் பூசி முடித்து, மேலே தூசு படிந்து, என்றோ தயாராக.

சண்டை இல்லையென்றால் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து அடங்கும்வரை எழவில்லை.

மறுநாள் பாசாரில் ஒரு கட்டுச் சாத்தே குச்சி வாங்கினார். கப்பல்களைத் துண்டில் சுற்றி, கூடையில் அடுக்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பகலில் அருந்ததி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவர் அலுவலகத்துக்கு லீவு போட்டார். பழைய கட்டைகளை ஊசியால் குடைந்து எடுத்தார். குச்சிகளைச் சீவி, பழைய உயரத்துக்கு நறுக்கி, பசை தொட்டு நிறுத்தினார். பூதக்கண்ணாடி உதவாத இடத்தில் விரல் உதவியது. பாய்களைக் கட்டிய நூலுக்குத் தேநீரில் நிறம் ஏற்றினார், புதிதென்று தெரியக்கூடாது என்பதற்காக. அவசரப்படவில்லை. கண் களைத்தால் நிறுத்தி, முருகா என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்கினார்.

மேசையைச் சுற்றிச் சோழப்படை நின்றுகொண்டிருந்தது. அதில் ஒருவனுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

ஷாருல் வரும் நாளுக்கு முன்னதாகவே எல்லாக் கப்பல்களையும் பழையபடி தட்டில் வைத்தார். ஒவ்வொன்றையும் அது நின்ற தூசித் தடத்திலேயே பொருத்தினார். பூனைக்குச் சோறு வைத்து, அதைத் தூக்கி நாற்காலியில் விட்டார். அது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தது. பிஸ்கட் டின்னில் இருந்த நறுக்கிய குச்சிகளை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினார்.